பாக்கெட்டைக் குறைத்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற: எதை முதலில் தொடுவது? (காரைக்குடி)

வளவு வீட்டு மருமகள், காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மாமா, மாமி, நாங்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். மாமாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று பரிசோதனையில் வந்ததிலிருந்து சாப்பாட்டை மாற்றவேண்டும் என்ற பேச்சுதான். எதை மாற்றுவது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கட்சி.

மாமி சொல்வது: சீனியை விட்டுக் கருப்பட்டி, வெள்ளை அரிசியை விட்டுக் கறுப்புக் கவுனி அரிசி, இது போதும். அவர் சொல்வது: முதலில் மசாலாப் பாக்கெட்டுகளை ஒழிப்போம், வீட்டிலேயே பொடி திரிப்போம். எனக்குப் பிள்ளைகளின் நாலு மணிப் பசிதான் கவலை. பை இறங்கியதும் பிஸ்கட் டப்பா, இல்லையென்றால் நூடுல்ஸ், கூடவே பாலில் கலக்கும் ஒரு பொடி. ராத்திரிச் சாப்பாடு அவர்களுக்கு இறங்குவதே இல்லை.

பின்கட்டில் ஆட்டுக்கல், திருகை, உரல் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தலைகீழாக மாற்ற என்னால் ஆகாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எங்கே கைவைத்தால் பலன் அதிகம்?

---

ரஸ்தாக்காரன்

மாமி சொல்வதுதான் சரி. கவுனி அரிசி நம்ம ஊர்ச் சொத்து. தினமும் கவுனிக் கஞ்சி குடித்தால் சர்க்கரை நோயே ஓடிவிடும். கருப்பட்டி எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது. அந்தக் காலத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தது?

---

கண்டனூர்க்காரி (உணவியல், மதுரை)

தம்பி, கவுனி மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் மாத்திரை சாப்பிடும் நிலையில் இப்படி எழுதுவது ஆபத்து. மருத்துவமனையில் தினமும் பார்க்கிறேன், "கருப்பட்டிதானே மேடம்" என்று தாராளமாகப் போட்டுக் காப்பி குடித்துவிட்டு வருபவர்களை.

கருப்பட்டியோ வெல்லமோ, பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 380 கலோரி, சீனியில் கொஞ்சம் கூட, 400-க்குப் பக்கம். கொஞ்சம் இரும்புச்சத்து, தாதுக்கள் இருக்கின்றன, வாசனை இருக்கிறது. வீட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் சீனிக்குப் பதிலாக அளவாகச் சேர்க்கலாம். சர்க்கரை நோயாளிக்கு மூன்றும் ஒரே கணக்குத்தான்.

கவுனி தவிடு நீக்காத அரிசி. அந்தக் கறுப்புக்குக் காரணமான ஆந்தோசயனின், நார்ச்சத்து எல்லாம் மேல்தோலில் இருக்கின்றன. பாலிஷ் போட்ட அரிசியைவிட மெதுவாகச் செரிக்கும். அதற்காக அது மருந்தாகிவிடாது, அரிசி அரிசிதான், அளவு முக்கியம். இன்னொன்று, நம் விசேஷங்களில் போடும் கவுனி அரிசியில் சீனியும் தேங்காயும் நெய்யும் எவ்வளவு சேர்கின்றன என்று பரிமாறியவர்களுக்குத் தெரியும். அதைக் காட்டி "கவுனி சத்து" என்று மாமாவுக்கு வைத்துவிடாதீர்கள்.

மருமகளுக்கு முக்கியமாக ஒன்று: மாமா மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால், சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதத்தைச் சட்டென்று பாதியாக்கிவிட்டு அதே அளவு மாத்திரை போட்டால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரலாம்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. 13 கோடிக்கும் மேலானவர்கள் அதற்கு முந்தைய நிலையில். உங்கள் வீட்டில் மாமாவுக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாமல் மொத்த வீடும் மாறுவதுதான் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

லேபிள் வாசிப்பவன் (புதுவயல்)

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், சில வருடம் தொழிற்சாலையிலும் இருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"பதப்படுத்தியது எல்லாம் கெட்டது" என்று ஆரம்பித்தால் நம் வீட்டு வத்தல், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், நெய், அவல் எல்லாமே பதப்படுத்தியவைதான். புதுவயலில் நெல் அவிக்கும் வாசனையில் வளர்ந்தவன் நான். புழுங்கல் அரிசியும் பதப்படுத்தியதே. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது, அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடச் சத்து மிஞ்சுகிறது. நல்ல பதப்படுத்தல் என்றால் இதுதான்.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் மொன்டெய்ரோ உணவை நான்காகப் பிரித்தார், நோவா என்று பெயர். அதில் நான்காவது வகைதான் நாம் பயப்படவேண்டியது: வீட்டு அடுப்படியில் இல்லாத பொருள்களால் தொழிற்சாலையில் கட்டி எழுப்பிய உணவு. மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலக்கவைக்கும் பொருள், செயற்கை மணம், நிறம். இந்தப் பிரிவினை பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு, ஆனால் கடையில் நிற்கும்போது நமக்கு உதவும்.

2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் இந்த நான்காம் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டு பக்கமும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். பாக்கெட் வாரங்களில் சராசரியாக ஆளுக்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆள் குறைவு, காலமும் குறைவு, உண்மைதான். ஆனாலும் பிஸ்கட் டப்பாவைப் பிள்ளை ஏன் பாதியில் மூடுவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. மசாலாப் பாக்கெட்டை முதலில் தொடாதீர்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள் பாக்கெட் என்பது அரைத்த மிளகாயும் மல்லியும்தான். நாளுக்கு ஆளுக்கு ஒரு கரண்டிகூட உள்ளே போவதில்லை. பிஸ்கட், நூடுல்ஸ், பாலில் கலக்கும் பொடி மூன்றும் தினமும் வயிறு நிறையப் போகின்றன. முதல் வெட்டு அங்கேதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக இருக்கும். முதல் மூன்று பெயர் "சுத்திகரித்த கோதுமை மாவு, சர்க்கரை, பாமோலின்" என்றால் அது மைதா, சீனி, பாமாயில். முகப்பில் கம்பு, கேழ்வரகு படம் பெரிதாக இருந்தால், பின்னால் அது எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். பாலில் கலக்கும் பொடியில் சர்க்கரை எத்தனாவது இடத்தில் என்று பாருங்கள். இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் இணையக் கடைகளுக்குச் சொன்னது. நம் உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை.

---

அடுப்படி ஆச்சி (கானாடுகாத்தான்)

தம்பி படித்தவர், விவரமாகச் சொல்லியிருக்கிறார். மசாலா விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது சரி. ஆனால் குழம்பு ருசியாக இருந்தால்தானே பிள்ளை சோற்றை ஒழுங்காகச் சாப்பிடும்? சோறு ருசிக்காத வீட்டில்தான் பாக்கெட் நுழைகிறது.

இப்போது எதை எடுத்தாலும் "செட்டிநாடு" என்று போட்டுவிடுகிறார்கள். வெறும் காரமும் சிவப்பு நிறமும்தான். நம் சமையலில் காரம் அப்படி அடிக்காது. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் அன்றன்றைக்கு எண்ணெயில் பொரிந்து வரவேண்டும்.

மருமகளே, பிள்ளைகளின் நாலு மணிக்கு வருகிறேன். இடைப்பலகாரம் என்று ஒன்று நம் வீடுகளில் தினப்படி இருந்ததுதானே. கும்மாயம் செய்து பழக்குங்கள். ஒரு உழக்கு உளுந்து, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி பச்சரிசி. தனித்தனியாக வறுக்கவேண்டும், உளுந்து கடைசிவரை சிறு தீயில். நிறம் பார்த்து நிறுத்தாதீர்கள், வாசனை முற்றம் வரை வந்தால் எடுத்துவிடலாம். ஆறவிட்டு மில்லில் நைசாகத் திரித்து டப்பாவில் போட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. வேண்டும்போது இரண்டு கரண்டி மாவை நெய்யில் வாசம் வர வறுத்து, கருப்பட்டியையும் வெல்லத்தையும் கரைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றிக் கிண்டவேண்டும். வடிகட்டாமல் விட்டால் மண் பல்லில் கடிபடும். முதலில் கட்டி தட்டுவது போல் இருக்கும், பயந்து தண்ணீரை மேலும் ஊற்றாதீர்கள், விடாமல் கிண்டினால் தானே இளகிச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். மாமாவுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் போதும். அதற்கு மேல் பிஸ்கட் கேட்கமாட்டார்கள்.

தினம் இதையே செய்யச் சொல்லவில்லை. அவித்த கடலை, தட்டைப்பயறுச் சுண்டல், குழிப்பணியாரம், தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, அப்புறம் கொய்யா. பணமும் குறைவு.

---

பள்ளத்தூர் மகள் (சென்னை)

ஆச்சி சொல்வது எல்லாம் அருமை, படிக்கும்போதே வாசனை வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மாதிரி எங்கே பேசினாலும் வறுப்பது, திரிப்பது, ஊறவைப்பது, காயவைப்பது என்று வேலை முழுக்கப் பெண்கள் தலையில் வந்து விழுகிறது. அந்தப் பெரிய வீடுகளில் ஆட்டவும் இடிக்கவும் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். மருமகள் காலையில் அலுவலகம் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர். இயற்கை உணவு என்ற பெயரில் அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் ஆறு மாதத்தில் வீடு மறுபடி பாக்கெட்டுக்கே திரும்பும்.

மசாலா வேண்டும் என்று சொல்லும் அவரே மில்லுக்குப் போகட்டும். சுண்டல் ஊறப்போடுவது மாமாவின் வேலையாக இருக்கட்டும். பாத்திரத்தில் கடலையைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம் ஆகும்.

---

வளவு வீட்டு மருமகள், காரைக்குடி

பள்ளத்தூர் மகளுக்கு என் நன்றி. என் வீட்டுக்காரரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். மில் வேலை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரீஃபைண்டை விட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறலாமா? விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதோடு போன முறை வாங்கிய செக்கெண்ணெய் ஒரு மாதத்தில் காறல் வாடை அடித்துவிட்டது. ஒரு கடையில் "மரச்செக்கு" என்று எழுதி மலிவாகவும் விற்கிறார்கள். எதை நம்புவது?

---

செக்கடித் தெரு

எண்ணெய் ஆட்டுவது எங்கள் குடும்பத் தொழில். அதனால் என் பேச்சில் பட்சபாதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள். கணக்கை மட்டும் நீங்களே சரிபார்க்கலாம்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வரை வேண்டும். பருப்பு கிலோ என்ன விலை என்று சந்தையில் கேளுங்கள், இரண்டரையால் பெருக்குங்கள். பிண்ணாக்கு விற்ற காசு ஆட்டுகூலிக்குச் சரியாகப் போகும். எண்ணெய் விலை அந்தத் தொகையைவிட வெகுவாகக் குறைவாக இருந்தால், உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. நல்லெண்ணெய்க்கும் இதே மாதிரிக் கணக்கு, அதில் கருப்பட்டி போட்டு ஆட்டுவோம், அந்தச் செலவு தனி.

ரீஃபைண்ட் எப்படி வருகிறது என்றால், பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயைப் பிழிந்தெடுத்து, காரம் (ஆல்கலி) சேர்த்து அமிலம் நீக்கி, களிமண்ணால் நிறம் வாங்கி, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையைப் போக்குகிறார்கள். கெடாமல் இருக்கும், எதற்கும் ஒத்துவரும், ஆனால் கடலையின் வாசனையோ ருசியோ இருக்காது.

செக்கெண்ணெய்க்கும் ஒரு ஆபத்து உண்டு, அதை எங்கள் ஆட்களே வெளியில் சொல்வதில்லை. பூசணம் பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கும். ரீஃபைண்ட் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் நீங்காது, ஒரு பகுதி எண்ணெயோடு வரும். அதனால் சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டவேண்டும். நீங்கள் கடலையை நேரில் பார்த்து, கூடவே நின்று ஆட்டி வாங்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் செக்குக்காரரிடம் "பருப்பைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

காறல் வாடை: எண்ணெயை இரண்டு நாள் அசையாமல் வைத்துக் கசடு இறங்கியதும் மேல் தெளிவை மட்டும் எவர்சில்வர் தூக்கிலோ ஜாடியிலோ ஊற்றிவையுங்கள். வெயில் படக்கூடாது, ஈரக் கரண்டி கூடாது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

விலை இரண்டு மடங்கு என்றால் பயன்பாட்டைப் பாதியாக்குங்கள். நான் எண்ணெய் விற்பவன், ஆனாலும் இதைச் சொல்கிறேன்.

---

கண்டனூர்க்காரி (உணவியல், மதுரை)

செக்கடித் தெரு அண்ணன் கடைசியில் சொன்னதை வழிமொழிகிறேன். செக்கெண்ணெய் என்பதால் இரண்டு மடங்கு பலகாரம் பொரிப்பது நம் பக்கம் நடக்கிறது. எண்ணெய் எண்ணெய்தான், கிராமுக்கு 9 கலோரி. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டாம்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. "இயற்கைக்கு மாறுகிறேன்" என்று பல வீடுகளில் அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கோ சாதாரணக் கல்லுப்புக்கோ போய்விடுகிறார்கள். அதில் போதிய அயோடின் கிடையாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. கழுத்துக் கழலை ஒருபுறம், குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். தொழிற்சாலையில் சேர்த்தது என்பதற்காக ஒதுக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அயோடின். கல்லுப்புத்தான் வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது. எந்த உப்பானாலும் ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய் நான்கையும் ஒரே வேளையில் இலையில் வைக்கும் வீடுகளில் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது.

---

கோட்டையூர் டு கோலாலம்பூர்

இங்கே எங்களுக்குப் பாக்கெட்டை விட்டால் வழியில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஊரிலிருந்து ஆத்தா சுண்டைக்காய் வத்தலும் கொத்தவரை வத்தலும் கட்டி அனுப்புவார்கள். அது கைவசம் இருந்தால் ஒரு புளிக்குழம்போ மண்டியோ வைத்துக்கொள்ளலாம். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி வைக்க எந்தப் பாக்கெட்டும் தேவையில்லை, அரைமணி நேரம் போதும். பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்கவில்லை, தொடர்ந்து வைத்தோம், இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

---

ரஸ்தாக்காரன்

சரி அக்கா, கருப்பட்டி விஷயத்தை இனி அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகம்: பாக்கெட்டில் உரிம எண்ணாவது இருக்கிறது. சந்தையில் சில்லறையாக வாங்கும் வெல்லம், மஞ்சள்தூள் எல்லாம் சுத்தம் என்று எப்படி நம்புவது?

---

லேபிள் வாசிப்பவன் (புதுவயல்)

நல்ல கேள்வி. சில்லறை என்பதாலேயே சுத்தம் ஆகிவிடாது. வெல்லம் பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள், ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்திருக்க வாய்ப்பு அதிகம். கரும்பழுப்பாகக் கொஞ்சம் அழுக்காகத் தெரிவதே மேல். மஞ்சள்தூளைச் சில்லறையில் வாங்கவே வேண்டாம், லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் கலப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சளாக வாங்குங்கள். மேலே மட்டும் மினுங்கிக் கையில் ஒட்டினால் வேண்டாம். முடிந்தவரை முழுசாக வாங்கிப் பொடிப்பது, முடியாதபோது உரிம எண் உள்ள பாக்கெட். முழு மிளகாயிலும் முழு மல்லியிலும் கலப்படம் செய்வது கடினம், தூளில் சுலபம். ஆச்சி சொன்ன ருசிக் காரணத்தோடு இதையும் சேர்த்தால், மசாலாவை வீட்டில் திரிப்பதற்கு நானும் சம்மதம். பிஸ்கட்டுக்கு அப்புறம்!

---

வளவு வீட்டு மருமகள், காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் முடிவு செய்தது: இந்த மாதம் பிஸ்கட், நூடுல்ஸ், பாலில் கலக்கும் பொடி மூன்றும் வாங்குவதில்லை. நாலு மணிக்குச் சுண்டலோ பழமோ, வாரத்தில் ஓரிரு நாள் கும்மாயம். மாமாவுக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுகிறோம். எண்ணெய் இருப்பது தீர்ந்ததும் செக்கு. அயோடின் உப்பு அப்படியே இருக்கும். மாமி கவுனியை விடுவதாக இல்லை, அதனால் வாரம் ஒருநாள் சீனி போடாத கவுனிக் கஞ்சி. அது வேகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? மில்லுக்கு முதல்முறை போகும் ஆளுக்கும் ஏதாவது சொல்லுங்கள் ஆச்சி.

---

அடுப்படி ஆச்சி (கானாடுகாத்தான்)

கவுனியை ராத்திரியே ஊறப்போடவேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நிறம் எல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும், அந்தத் தண்ணீரிலேயே குக்கரில் வையுங்கள். சாதாரண அரிசிக்கு விடுவதைவிட இரண்டு பங்கு விசில் கூட விடலாம். கஞ்சிக்கென்றால் ஊறியதை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும்.

மில்லுக்கு: மிளகாயும் மல்லியும் நல்ல வெயிலில் காய்ந்து, மிளகாயைக் கையில் நொறுக்கினால் சலசலவென்று உடையவேண்டும், இல்லையென்றால் மில்லில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு முன்னால் கோதுமையோ அரிசியோ திரித்திருந்தால் முதலில் விழும் ஒரு பிடியைத் தனியாக வாங்கிவிடச் சொல்லுங்கள். கும்மாய மாவை மிளகாய் திரித்த கல்லில் போட்டுவிடக் கூடாது, இதை அவரிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடவேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டிப் பூச்சி வைத்துவிடும். கல்பாசியை மட்டும் திரிக்கக் கொடுக்காதீர்கள், அதைத் தனியாக எடுத்துவைத்துத் தாளிக்கும்போது போடுங்கள்.